ஏழு பேர் போகிற வண்டி நெல்லைப் பக்கத்து ரோட்டில் நிஜமாக எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்? நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி

எர்டிகா, காரன்ஸ் மாதிரி ஏழு சீட் வண்டி வாங்கியவரிடம் நம்ம பக்கம் கேட்கிற முதல் கேள்வி "என்ன குடுக்கு?" என்பதுதான். பதிலும் ஒற்றை எண்ணாகவே வரும். ஒருத்தர் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்பார், அதே வண்டி வைத்திருக்கிற அவர் மச்சினன் 12-க்கு மேல் ஏறவே இல்லை என்பார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஒருத்தர் அடிக்கடி நாலுவழிச் சாலையில் மதுரைக்குப் போய் வருகிறவர். இன்னொருத்தர் பாளையங்கோட்டையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் என்று சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவர். வண்டிக்கு ஒரு மைலேஜ் என்று கிடையாது, ரோட்டுக்கு ஒரு மைலேஜ்தான் உண்டு. அதனால் உங்கள் வண்டிக்கு மூன்று நான்கு எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுப்பது எப்படி, எடுத்தபின் எதைத் திருத்தினால் காசு மிஞ்சும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கம்பெனி சொல்லும் எண். எர்டிகா பெட்ரோல் மேனுவலுக்கு லிட்டருக்கு 20.51, சிஎன்ஜிக்கு கிலோவுக்கு 26.11 என்று போட்டிருப்பார்கள். இது ஏஆர்ஏஐ என்கிற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனையில் வந்த எண். அந்தச் சோதனையில் வண்டி ரோட்டுக்கே போகாது, உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். மொத்தம் 1180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஓடும் தூரம் சுமார் பத்தரை கிலோமீட்டர். வேகம் 90-ஐத் தாண்டாது, அந்த 90-ம் கடைசியில் சில விநாடிகள்தான். ஏசி கிடையாது, சுமை என்று பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு ஆள் எடை. நாம் ஓட்டுவது எப்படி? அப்பா, அம்மா, பெரியம்மா, பிள்ளைகள், திருச்செந்தூரில் குளித்த ஈரத்துணி மூட்டை, ஏசி மூன்றாம் நம்பரில். அந்த எண்ணை இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மாதச் செலவுக் கணக்கில் கொண்டுவராதீர்கள்.

அடுத்து மீட்டர் பக்கத்துத் திரையில் வரும் சராசரி. பல வண்டிகளில் அது நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உங்கள் திரை எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அந்த அளவைக் கழித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அளப்பது எப்படி. ஃபுல் டேங்க் முறைதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. ஒரு பெட்ரோல் பங்க்கைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் அதே பம்ப், அதே பக்கம். ஃபுல் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் ஊற்றுகிற துப்பாக்கி முதல் தடவை தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பங்க் பையன் தொகையை ரவுண்டாக்க இன்னும் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்ப்பார், "வேண்டாம் தம்பி, இதோட விட்டுருங்க" என்று தடுத்துவிடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் கணக்கு கெடுவது ஒரு பக்கம், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கரிச் சட்டிக்குள் பெட்ரோலே இறங்கிவிடும். அது பழுதானால் பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்கே போய்விடும். நின்றதும் டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள், குறைந்தது 300 கிலோமீட்டர். திரும்பவும் அதே பங்க், அதே முறையில் ஃபுல். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் எண் வந்துவிடும்.

300 ஏன் என்றால், துப்பாக்கி நிற்கிற இடம் ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர் முன்னே பின்னே போகும். 100 கிலோமீட்டருக்கு ஆறேழு லிட்டர் போட்டு அளக்கும்போது அரை லிட்டர் பிசகினால் விடை ஒன்றுக்கு மேல் தப்பிவிடும், 20 லிட்டரில் அதே பிசகு பெரிதாகத் தெரியாது. 2000 ரூபாய்க்குப் போடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த முறை வேலைக்காகாது, அளக்கிற நாட்களிலாவது ஃபுல் போடுங்கள். பில்லில் லிட்டர் இரண்டு புள்ளி வரை அச்சாகியிருக்கும், அதைத்தான் எழுத வேண்டும், ரூபாயை வைத்துக் குத்துமதிப்பாகப் பிரிக்காதீர்கள்.

பங்க்கின் மேலேயே சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட பாத்திரம் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறார்கள். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, வெயிலுக்கு அது அவ்வளவாக அசையாது.

கிலோமீட்டர் மீட்டரையும் ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. நாலுவழிச் சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள், போன் மேப்பையும் ஒப்பிடுங்கள். மீட்டர் 20.6 காட்டினால் உங்கள் மைலேஜ் கணக்கு முழுக்க மூன்று சதவீதம் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். டயர் அளவை மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எங்கே ஓட்டி அளப்பது? நாலுவழிச் சாலைக்கான எண்ணுக்கு தாழையூத்து பக்கம் ஊர் எல்லையில் ஃபுல் போட்டுக்கொண்டு, கயத்தாறு, கோவில்பட்டி வழியாக மதுரை போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் நிரப்புவது சரியாக இருக்கும். போக வர 300-க்கு மேல் வந்துவிடும், ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. ஊருக்குள் ஓடுவதற்கான எண்ணைத் தனியாக எடுங்கள், அந்த டேங்க்கில் வெளியூர்ப் பயணத்தைக் கலக்காதீர்கள். மலை ஏறுகிற பயணத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் கலந்து ஒரு சராசரி வேண்டுமென்றால் கிலோமீட்டரை எல்லாம் கூட்டி, லிட்டரை எல்லாம் கூட்டி, அப்புறம் வகுக்க வேண்டும். ஊருக்குள் 10, வெளியே 20, ஆகவே சராசரி 15 என்று சொன்னால் தப்பு. இரண்டிலும் 100 கிலோமீட்டர் ஓடினால் 10 லிட்டரும் 5 லிட்டரும் செலவு, 200-ஐ 15-ஆல் வகுத்தால் 13.3 தான்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 18 கொடுக்கிற இடத்தில் கஷ்டப்பட்டு 20 ஆக்கினால் 1000 கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர் மிச்சம். 10 கொடுக்கிற இடத்தில் 12 ஆக்கினால் பதினாறரை லிட்டருக்கு மேல். இரண்டிலும் கூடியது 2 தான், ஆனால் மிச்சம் மூன்று மடங்கு. லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது இது சின்ன விஷயமில்லை. அதனால் நாலுவழிச் சாலையில் 20-ஐத் தொட்ட படம் பிடித்து அனுப்புவதைவிட, ஊருக்குள் வண்டி எங்கே குடிக்கிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஊருக்குள் பெரும்பாலும் குடிப்பது நிற்கும்போதுதான். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு முக்கால் லிட்டர் சுமாருக்குப் போகும், ஏசியும் ஓடினால் ஒரு லிட்டரை நெருங்கும். பள்ளிக்கூடம் போய்வர 6 கிலோமீட்டர் என்று வையுங்கள். 12 கொடுக்கிற வண்டிக்கு அரை லிட்டர் போதும். பள்ளி வாசலில் ஏசி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் அதோடு ஆறில் ஒரு பங்கு லிட்டர் சேரும், 12 என்பது 9 ஆகிவிடும். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, நின்ற இடத்தில் போய்விட்டது, அவ்வளவுதான். குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தால் என்ஜினை அணைத்துவிடுங்கள். கல்யாண மண்டப வாசலில் உள்ளே போனவர்கள் வரும்வரை ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சில வண்டிகளில் சிக்னலில் தானாக அணைந்து கிளட்ச்சை மிதித்ததும் உயிர்பெறுகிற வசதி இருக்கிறது, அது எரிச்சலாக இருக்கிறது என்று பொத்தானை அழுத்தி ஆஃப் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். வெயில் அதிகமாகி உள்ளே சூடேறினால் அதுவே என்ஜினை எழுப்பிவிடும்.

ஏசி பற்றி இன்னொன்று. சித்திரை வைகாசியில் வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் வைப்பதைவிட, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஒரு தெரு தூரம் ஓட்டி உள்ளே இருக்கும் அனலை வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் கண்ணாடியை ஏற்றி உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள். ஏசிக்கு வேலை குறையும். நாலுவழிச் சாலையில் கண்ணாடியைத் திறந்து வைத்து ஏசியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓட்டினால் காற்றின் இழுவையில் அந்த மிச்சத்தில் ஒரு பங்கு போய்விடும். காதும் அடைக்கும்.

இனி காற்று. நம்ம ஊர்ப் பக்கத்தில் மைலேஜைப் பற்றிப் பேச காற்றைவிட முக்கியமான விஷயம் இல்லை என்பது என் கருத்து, ஆனால் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசி கடைசியில் தொடங்கி ஆனி, ஆடி, ஆவணி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று நம் பக்கம் பாய்ந்து வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒன்று, செங்கோட்டைக் கணவாய் இன்னொன்று. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைக் காத்தாடிகளை நட்டு வைத்திருப்பது அதற்காகத்தான். காவல்கிணறு விலக்கில் நாகர்கோவில் பக்கம் திரும்பினால் காற்று நேர் எதிரே வந்து நிற்கும். ஆலங்குளம் வழியாகத் தென்காசி போகிறவர்களுக்கும் அதே கதைதான், குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளுகாற்று.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. காற்றே இல்லாத நாளில் 80-ல் போகும்போது உள்ள எதிர்ப்பை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் வண்டிக்கு அது 110-ல் போவது மாதிரி, எதிர்ப்பு 189. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில், வண்டிக்கு 50 மாதிரி, எதிர்ப்பு 39. போனதும் வந்ததும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 114. "போறப்ப எடுத்ததை வர்றப்ப குடுத்துரும்" என்று சொல்வார்கள், அது முழுசாகக் கொடுப்பதில்லை, கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். டயர் உருளுகிற எதிர்ப்பு இதில் சேராது, ஆகையால் பெட்ரோல் செலவு இதே விகிதத்தில் ஏறாது, ஆனால் உயரமும் அகலமுமாக இருக்கிற ஏழு சீட் வண்டிக்கு நெடுஞ்சாலையில் பெரிய செலவே காற்றைக் கிழிப்பதுதான்.

இதில் செய்யக்கூடியது எளிது. உங்களுக்கு முன்னால் தெரிகிற காத்தாடிகளைப் பாருங்கள். அவை முகத்தைக் காற்று வருகிற பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்கும். காத்தாடியின் முகம் உங்களைப் பார்த்து இருக்கிறதா, முதுகு தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். உங்களுக்கு முதுகைக் காட்டினால் எதிர்க்காற்று, வேகத்தை 70-க்குக் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன கணக்கில் 189 என்பது 156 ஆகிவிடும். முகத்தைக் காட்டினால் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, 80-லேயே சுகமாகப் போகலாம். பக்கவாட்டில் நின்றால் நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்தில் ஸ்டீயரிங்கை இழுக்கும், மைலேஜை மறந்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுங்கள். மைலேஜ் அளக்கிற பயணத்தை ஆடியில் வைத்துக்கொண்டு போகும் வழியை மட்டும் அளந்துவிட்டு வண்டி சரியில்லை என்று முடிவுக்கு வராதீர்கள். போய்த் திரும்பிய பிறகு அளந்ததுதான் கணக்கு. அந்த மாத எண்ணைத் தை மாசி எண்ணோடு சேர்க்காமல் தனியே எழுதி வையுங்கள்.

காற்று இல்லாத நாளிலும் இதே வர்க்கக் கணக்குதான் வேகத்துக்கு. 80-ஐ 100 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். மதுரை சுமார் 160 கிலோமீட்டர், ஒரே சீராகப் போக முடிந்தால் 80-ல் இரண்டு மணி நேரம், 100-ல் 1 மணி 36 நிமிடம். மிச்சம் 24 நிமிடம், அதிலும் சுங்கச்சாவடியும் டீக்கடையும் பங்கு கேட்கும். அவசரமென்றால் போகத்தான் வேண்டும், அவசரம் இல்லாத நாளில் 80, 85-ல் ஒரே சீராக மிதியை வைத்துப் போங்கள். கூரை மேல் கேரியர் மாட்டியிருந்தால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பெட்டி ஏற்றிய கேரியர் நெடுஞ்சாலை வேகத்தில் பத்து சதவீதத்துக்கு மேலும் தின்னும், சாமானை உள்ளே கடைசி சீட்டில் அடுக்க முடிந்தால் அதுவே மேல்.

மலை ஏறுவதற்குக் கணக்கு வேறு. ஆளும் சாமானும் சேர்ந்து 1700 கிலோ வண்டியை 1000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, சமதளத்தில் ஆகும் செலவுக்கு மேல் 2 லிட்டர் சுமாருக்குப் பெட்ரோல் வேண்டும். கொடைக்கானல் 2100 மீட்டர், ஆக ஏறும்போது நாலு லிட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்திலிருந்து காரையார், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு எல்லாம் இதில் சின்னப் பங்குதான். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தக் கால இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் முழுசாக நின்றுவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், போதாததற்கு பிரேக் காய்ந்துவிடும். இரண்டு வகையிலும் நஷ்டம், வளைவில் உயிருக்கும் ஆபத்து.

டயரில் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும், ஆள் நிறையப் போகும்போது வேறு அளவு போட்டிருந்தால் அதையும் பாருங்கள். காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வெயிலில் வள்ளியூரிலிருந்து ஓட்டி வந்து பங்க்கில் அளந்தால் மூன்று நாலு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைந்து நிற்கும். மைலேஜுக்காக அளவுக்கு மேல் அடிக்கவும் வேண்டாம், மழையில் வழுக்கும்.

"முன்னாடி குடுத்தது இப்ப குடுக்கல்ல" என்கிறவர்கள் எத்தனாலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, இ10-க்கு ஏற்பச் சரிசெய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ20-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. 16 கொடுத்த பழைய வண்டி 15 கொடுத்தால் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். டேங்க்கில் ஊற்றும் பாட்டில் மருந்து, பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம் இதற்கெல்லாம் காசு செலவழிக்கவும் வேண்டாம்.

சிஎன்ஜி வைத்திருப்பவர்கள் கிலோ கணக்கில் இதே முறையில் அளக்கலாம், ஆனால் பம்ப்பின் அழுத்தமும் வெயிலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் ஒரு தடவை நிரப்பியதை நம்பாதீர்கள். நாலைந்து தடவை நிரப்பிய கிலோவைக் கூட்டி மொத்தக் கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள். சிஎன்ஜியில் ஓடினாலும் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் பெட்ரோல் செலவாகிற வண்டிகளும் உண்டு, அதையும் சேர்த்தால்தான் செலவு தெரியும்.

இப்படி எழுதி வைத்த எண், அதே ரோடு அதே மாதம் என்று ஒப்பிட்டும், திடீரென்று பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அப்போதுதான் வண்டியைச் சந்தேகப்பட வேண்டும். முதலில் டயர் காற்று. அப்புறம் சமதளத்தில் நிறுத்தி நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள், லேசாக உருளாவிட்டால் பிரேக் எங்கோ பிடிக்கிறது. கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரம்தான். வீல் அலைன்மென்ட் விலகியிருந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை குறையும், ஆனால் இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டியில் மைலேஜ் அதனால் பெரிதாக விழாது, அதை மாற்றிவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் சர்வீஸுக்கு விடும்போது அந்த நோட்டையும் பில்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். சும்மா மைலேஜ் குறைவு என்று சொன்னால் "நீங்க ஓட்டுறதுல இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார்கள். தேதி, ரோடு, கிலோமீட்டர், லிட்டர் என்று வரிசையாகக் காட்டினால் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பார்கள்.